தபால்காரரின் இதயத்தை மூன்று வழியில் பார்த்தோம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். மதுரையில் அந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்து இரண்டாவது வருடம். வத்தலக்குண்டிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணை அந்தப் பக்கத்து ஜனங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நர்ஸம்மா என்பார்கள், டாக்டரம்மா என்பார்கள். சந்தைக்கு வந்த இடத்தில் கை ஒடிந்துபோன ஒரு விவசாயி "போட்டோக்காரம்மா" என்றார். அந்தப் பெயர்தான் எனக்கு நிலைத்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்கள். பெரிய டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குப் படம்தான் வேதம். நெஞ்சுப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மர ஸ்கேலை வைத்து இதயத்தின் அகலத்தை அளப்பார். பிறகு நெஞ்சுக்கூட்டின் அகலத்தை அளப்பார். நெஞ்சில் பாதிக்குள் அடங்கினால் அது நல்ல இதயம். பாதியைத் தாண்டினால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு விழும். அந்த நோயாளிக்குப் படுக்கைதான்.

இன்னொருவர் டாக்டரம்மா. முப்பது, முப்பத்திரண்டு வயது. கீரனூரில் தோட்டம் துரவு உள்ள குடும்பம். அவருக்குத் திரையின் மேல்தான் நம்பிக்கை. இருட்டறையில் நோயாளியைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து எக்ஸ்ரேயைப் போட்டால், உள்ளே இதயம் துடிப்பதைப் பச்சை வெளிச்சத்தில் நேரிலேயே பார்க்கலாம். ஆனால் அந்த வெளிச்சம் அம்புட்டு மங்கல். வெயிலிலிருந்து நேராக உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக, இருபது நிமிடமாவது சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிய வேண்டும். டாக்டரம்மா அந்தக் கண்ணாடியோடுதான் வராந்தாவில் நின்று இட்லி சாப்பிடுவார், பிரசவ வார்டைச் சுற்றி வருவார். புதிதாக வருகிற நோயாளிகள் அவரைப் பார்த்து வந்த வழியே திரும்பப் பார்ப்பார்கள்.

பெரிய டாக்டரோடு கருத்து வேறுபட்டால் டாக்டரம்மா குரலை உயர்த்த மாட்டார். மரியாதையைத்தான் கூட்டுவார். "அப்படியில்லீங்க டாக்டர்" என்று ஆரம்பித்தால் சின்ன வேறுபாடு. "அப்படியில்லீங்களே, பாருங்க, நீங்களே சொல்லுங்க" என்று வந்துவிட்டால் நான் பிலிம்களை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு தபால்காரர் வந்தார். குஜிலியம்பாறைப் பக்கத்து ஆள். முப்பத்தைந்து வயது, நெடிய கால்கள், ஒட்டிய வயிறு. மானாவாரிக் காடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கிற ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். இப்போது நிரந்தரமாக்கப் போகிறார்கள், அதற்கு உடம்பு நன்றாக இருக்கிறதென்று டாக்டர் சான்று வேண்டும். துவைத்துத் தேய்த்த காக்கிச் சட்டையில், கல்யாணத்துக்குப் போகிற முகத்தோடு வந்திருந்தார்.

படம் எடுத்தேன். நான் கழுவிக் கொடுத்ததை ஈரத்தோடு ஜன்னலில் பிடித்த பெரிய டாக்டர் ஸ்கேலை வைத்தார். இரண்டாம் முறையும் வைத்தார். இதயம் பாதியைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நின்றது. நாடியைப் பிடித்தார். நிமிடத்துக்கு நாற்பத்திநாலு.

"மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"கால் வீக்கம்?"

"இல்லீங்க."

"இதயம் பெருத்திருக்கு. துடிப்பும் மெதுவா இருக்கு. களைச்சுப்போன இதயம்தான் இப்படிப் பெருக்கும். மூணு வாரம் வீட்ல ரெஸ்ட் எடுங்க. சைக்கிளத் தொடக் கூடாது. அப்புறம் பாப்போம்."

"களைப்பா? எனக்கா? நேத்துக்கூட ஏழு ஊருக்குப் போய்ட்டு வந்தேனே" என்றார் தபால்காரர். பெரிய டாக்டருக்கும் அதைச் சொல்ல மனசில்லை என்பது தெரிந்தது. ஸ்கேலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தவர் எக்ஸ்ரே அறை வாசலில் தயங்கினார். "தங்கச்சி, செத்த சின்னதாத் தெரியிற மாதிரி இன்னொரு போட்டோ எடுக்க முடியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தாலும் அந்தக் கேள்வி முட்டாள்தனமானதல்ல. எக்ஸ்ரே குழாயை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும். ஆறடி தள்ளி வைத்தால் ஏறக்குறைய உண்மை அளவு வரும். மூச்சை முழுதாக இழுக்காவிட்டாலும் பெரிதாகத் தெரியும். நான்தான் எங்காவது பிசகிவிட்டேனோ என்ற பயத்தில் டேப்பை வைத்து ஆறடி அளந்து, "நல்லா இழுங்கண்ணே, இன்னும் இழுங்க" என்று சொல்லி மறுபடி எடுத்தேன். கொஞ்சம் குறைந்தது. அப்போதும் கோட்டுக்கு வெளியேதான்.

அவர் போன பிறகு பிரசவ வார்டிலிருந்து வந்த டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "இது யாருங்க?" என்றார். சொன்னேன். "தினமும் சைக்கிள் மிதிக்கிற ஆளா? எத்தனை மைல்?" இருபது மைலுக்குக் குறையாது என்று தபால்காரர் சொல்லியிருந்ததைச் சொன்னேன். "அப்ப இது களைச்ச இதயமா, உழைச்ச இதயமாங்க? இந்தப் படத்தப் பாத்து யாராச்சும் சொல்ல முடியுமா?"

தபால்காரரை வரச்சொல்லி ஒரு கார்டு எழுதிப் போட்டோம். அவர் ஊருக்குக் கார்டு கொண்டுபோக வேண்டியவரே வீட்டில் படுத்திருக்கிறார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கார்டு போய்ச் சேரும் முன்பே, வியாழக்கிழமை, மனைவியைக் கூட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார். உண்மையில் கூட்டி வந்தது மனைவிதான்.

"டாக்டரம்மா, ஒண்ணு இவர இங்கயே படுக்க வையுங்க, இல்லாட்டி வேலைக்கு அனுப்புங்க" என்றார் அந்தம்மா. "ரெஸ்டுன்னு சொன்னீகளாம். மூணு நாளாக் கெணத்தச் சுத்திச் சுத்தி நடக்காரு. ஆட்டுக்கல்லத் தூக்கி எடம் மாத்தி வைக்காரு. கோழிகூடப் பயந்து கெடக்கு. இதயம் களைக்குதோ இல்லையோ, எனக்குக் களைச்சுப் போச்சு."

டாக்டரம்மா சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கும் ஒன்றைக் கொடுத்தார். இருபது நிமிடம் கழித்து இருட்டறைக்குள் தபால்காரரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினோம். ஈயக் கவசம் அணிந்து நானும் பக்கத்தில் நின்றேன். பச்சை மூட்டத்துக்குள் விலா எலும்புகளுக்கு நடுவே அந்த இதயம் தெரிந்தது. எத்தனையோ இதயங்களை நிழலாகப் பிலிமில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை ஓடும்போது பார்த்ததில்லை. பால் பீய்ச்சுகிற கை மூடித் திறப்பதைப் போல, அவசரமில்லாமல், ஒவ்வொரு முறையும் முழுதாகச் சுருங்கி முழுதாக விரிந்தது.

"பாத்தீங்களா?" என்று டாக்டரம்மா இருட்டில் கிசுகிசுத்தார். நோயாளிக்குக் கேட்டால்தான் என்ன, ஏன் கிசுகிசுத்தாரோ தெரியாது.

"என்னம்மா தெரியிது?" என்றார் தபால்காரர் திரைக்குப் பின்னாலிருந்து.

"நல்லாத்தான் தெரியிதுங்க. அசையாம நில்லுங்க."

அன்று மத்தியானம் இரண்டு டாக்டர்களும் பேசிக்கொண்டபோது நான் நகரவில்லை. பெரிய டாக்டர் கோபப்படவில்லை. அவர் சொன்னது நியாயமாகவும் இருந்தது. "நீங்க பாத்தது உங்க கண்ணுக்குள்ளயே இருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா எதைக் காட்டுவீங்க? போன மாசம் பாத்த இதயத்தையும் இந்த மாசம் பாக்குற இதயத்தையும் எப்படி ஒப்பிடுவீங்க? என் பிலிம் கபோர்டுல இருக்கு. பத்து வருசம் கழிச்சும் அதே அளவுதான் சொல்லும்."

"அளவு சொல்லுமுங்க. அடிக்குதான்னு சொல்லாதுங்களே. ஓடுற தண்ணிய அளக்கணும்னா கெணத்து அகலத்த அளந்தாப் போதுமுங்களா? நீங்களே சொல்லுங்க."

"சரி. அடிக்கிறதப் பிலிம்ல காட்டுங்க. கையெழுத்துப் போடுறேன்."

நோயாளியின் முன்னால் பேசாத ஆள் நான்; டாக்டர்கள் முன்னால் அதைவிடப் பேசாத ஆள். அன்று எப்படியோ வாய் திறந்துவிட்டது. மதுரையில் படிக்கும்போது ஒரு பழைய அலமாரியில் விசித்திரமான பிலிம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நெஞ்சுப் படம்தான், ஆனால் இதயத்தின் ஓரம் கோடாக இல்லாமல் ரம்பப் பல்லாக இருந்தது. கைமோகிராம் என்று பெயர் சொன்னார்கள். நோயாளிக்கும் பிலிமுக்கும் நடுவில் ஓர் ஈயத் தகடு வைக்க வேண்டும். தகட்டில் குறுக்கே மெல்லிய கீற்றுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. எக்ஸ்ரே கீற்று வழியாக மட்டும்தான் பிலிமில் விழும். படம் விழுகிற இரண்டு மூன்று வினாடிக்குள் தகட்டை, ஒரு கீற்று அடுத்த கீற்றின் இடத்துக்கு வரும் அளவுக்கு, ஒரே சீராகக் கீழே இறக்க வேண்டும். அசையாத எலும்பு அப்படியே விழும். உள்ளே வெளியே போய்வருகிற இதய ஓரம் மட்டும் பல் பல்லாக எழுதப்படும். ஒரு துடிப்புக்கு ஒரு பல். நன்றாகச் சுருங்கினால் பல் நீளம். சுருங்காவிட்டால் வெறும் கோடு.

இதைச் சொல்லி முடித்தபோது இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தத் தகடு எங்க கிடைக்கும்?" என்றார் பெரிய டாக்டர்.

"வாங்க முடியாது சார். ஆனா நம்ம ஊர்ல செய்ய முடியும்."

பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டுக்கு என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர். மயிரிழை பிசகினாலும் சாவி திரும்பாது என்கிற தொழில். அவர் பட்டறைக்குப் போய்க் காகிதத்தில் வரைந்து காட்டினேன். விரல் அகல ஈயப் பட்டைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ரம்ப பிளேடின் பருமன் இடைவெளி. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தப் பித்தளைச் சட்டம்.

"இத வச்சு எதத் தெறக்கப் போறீக தாயி?" என்று கேட்டார்.

"ஒருத்தர் நெஞ்ச."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் சட்டம் வந்தது. இடைவெளிகளில் நான் பிளேடை நுழைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி உரசிக்கொண்டு போனது.

ஆனால் தகட்டைச் சீராக இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. பூட்டுக்காரர் வைத்த ஸ்பிரிங் தகட்டை ஒரே அடியாக இழுத்துவிட்டது. சத்தத்தைக் கேட்டு வார்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு எடைக்கல்லைக் கட்டிப் பார்த்தோம். மேலே மெதுவாகவும் கீழே வேகமாகவும் வந்தது. மூன்று நாள் இப்படியே போனது. அதற்குள் ரெஸ்டில் இருக்க முடியாத தபால்காரர் தினமும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வர ஆரம்பித்திருந்தார். மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"தங்கச்சி, சைக்கிள் பம்பு இருக்குல்ல. ஓட்டைய வெரலால அடச்சுக்கிட்டு அமுக்கினா மெதுவாத்தான எறங்கும். அத இதுல கட்டுனா என்ன?"

பம்பைக் கட்டியதும் உள்ளிருந்த காற்று கொஞ்சம் துள்ளியது. பம்புக்குள் விளக்கெண்ணெயை ஊற்றினோம். தகடு எண்ணெயில் இறங்குகிற கரண்டி மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பம்பின் அடியில் கசிந்த எண்ணெய் டாக்டரம்மாவின் வெள்ளைச் சேலையில் பாதியை நனைத்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"முதல்ல என் நெஞ்ச எடுங்க" என்றார் பெரிய டாக்டர். "அளவு தெரிஞ்ச நெஞ்சு." சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு முன் அவரை அப்படிப் பார்த்த ஆள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை. இன்று நினைத்தால், அந்த நாட்களில் எக்ஸ்ரேயை எவ்வளவு தாராளமாக எங்கள் மேலேயே விட்டுக்கொண்டோம் என்று பயமாக இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் பிலிமில் பற்கள் வந்திருந்தன. நெருக்கமாக, ஒழுங்காக, ஒவ்வொரு பட்டையிலும் மூன்று.

அடுத்து தபால்காரர். அவருக்குப் பிறகு வார்டில் இருந்த ஒரு மில் வாட்ச்மேனைக் கேட்டோம். கால் வீங்கி, இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாத நிலையில் வந்தவர். உண்மையிலேயே இதயம் களைத்தவர். "எடுத்துக்குங்கம்மா, மத்தவனுக்கு ஒதவுனாச் சரி" என்றார். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தேன்.

மூன்று பிலிம்களையும் கழுவி, கம்பியில் மாட்டி, மின்விசிறியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். முழுதாகக் காய்வதற்குள்ளேயே பெரிய டாக்டர் எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் பிடித்தார். வழக்கம்போல ஸ்கேலில் ஆரம்பித்தார். தபால்காரரின் இதயமும் வாட்ச்மேனின் இதயமும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரணப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒரே சிவப்புக் கோடுதான் விழுந்திருக்கும்.

பிறகு ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுப் பற்களைப் பார்த்தார். வாட்ச்மேனின் இதய ஓரம் காற்றில்லாத குளத்து மேற்பரப்பு மாதிரி லேசாக நெளிந்திருந்தது, அவ்வளவுதான். தபால்காரருடையதில் ஒவ்வொரு பட்டையிலும் இரண்டே இரண்டு பற்கள். ஒவ்வொன்றும் முதலைப் பல் மாதிரி. பெரிய டாக்டர் பென்சில் முனையால் அவற்றை மேலிருந்து கீழாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, அவருக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

"என்னுதைவிட ரெண்டு மடங்கு இருக்கேய்யா" என்றார்.

டாக்டரம்மா வெற்றி பெற்ற மாதிரி எதுவும் சொல்லவில்லை. "உங்க அளவும் சரிதானுங்க டாக்டர். பெருத்துத்தான் இருக்கு. எதனால பெருத்துச்சுங்கறதுதான் அதுல தெரியல" என்றார்.

"திரையும் சரிதான். ஆனா இது இருந்தாத்தான் நான் நம்புவேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "இனிமே சந்தேகமான இதயத்துக்கெல்லாம் மூணையும் பாத்துருவோம். என்ன, போட்டோக்காரம்மா?"

ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரால் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வேலை இருப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அன்றே சான்றில் கையெழுத்தானது. அதோடு பெரிய டாக்டர் தன் கைப்பட ஒரு பக்கக் கடிதமும் எழுதி, இந்த ஆளின் இதயம் வேலையால் வளர்ந்ததே தவிர நோயால் அல்ல என்று விளக்கியிருந்தார். வாட்ச்மேனுக்கு மருந்தை மாற்றினார்கள். கால் வீக்கம் வடிந்து, ஒரு தலையணையோடு தூங்கும் அளவுக்கு வந்து, அவரும் வீடு போனார். முழுக் குணம் என்று சொல்ல முடியாது. போகும்போது நடந்து போனார்.

ஒரு மாதம் கழித்துத் தபால்காரர் சைக்கிளிலேயே திண்டுக்கல் வந்து இறங்கினார். வேர்வை சொட்டியதே தவிர மூச்சு வாங்கவில்லை.

"ஆர்டர் வந்துருச்சு தங்கச்சி. ரிஜிஸ்தர் தபால். பையப் பிரிச்சு அடுக்குறப்ப எம் பேரு. என்ன பண்ணச் சொல்றீக? நாந்தான ஊருக்குத் தபால்காரன். வீடு வரைக்கும் கொண்டுபோயி, வாசல்ல பெல் அடிச்சு, எம் பொஞ்சாதிய வரச்சொல்லி, அவ முன்னாலயே எனக்கு நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பெரிய டாக்டரின் காரில் மூன்று பேரும் போனோம். பூட்டுக்காரர் எங்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார். கோழிக் குழம்பும் இரண்டு வெஞ்சனமும் வைத்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், அந்தம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே இருந்தார். "இந்த வீட்ல ரெஸ்டுங்கற வார்த்தைய மட்டும் யாரும் பேசக் கூடாது" என்றார்.

சாப்பிட்டு வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் பாதி ஊர் நின்றது. தபால்காரருக்கு நெஞ்சுக்குள்ளே பல் இருக்கிறது என்று கதை பரவியிருந்தது. தங்களுக்கும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். எக்ஸ்ரே இயந்திரத்தைக் காரில் கொண்டுவர முடியாது என்று விளக்கினேன். யாரும் கலையவில்லை. பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். டாக்டரம்மா இன்னொரு பக்கம் பெண்களுக்குப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பின் காதுப் பக்கத்தைப் பிள்ளைகளிடமே கொடுத்து, அவரவர் நெஞ்சை அவரவரே கேட்கச் செய்தார். ஒரு சிறுமி கேட்டுவிட்டு, "யாரோ நடந்து வாராக" என்றாள்.

வெயில் சாய்கிற வரைக்கும் வரிசை தீரவில்லை. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் இரண்டாம் தடவையாக வந்து கட்டில் முன்னால் நின்றார்.

"உங்களத்தான் ஏற்கெனவே பாத்தாச்சே" என்றார் பெரிய டாக்டர்.

"ஆமாங்க."

"நல்லா இருக்குன்னும் சொன்னேனே."

"சொன்னீக" என்றார் அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே. "அதத்தான் இன்னொரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."